எஸ்எம்டி பாகங்களோடு முதல் ரேடியோ கிட்: ஃபேனை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்

என் முதல் எஸ்எம்டி கிட் கெட்டுப்போனது சால்டரிங் அயர்ன் சூடாவதற்கு முன்பே. எஸ்எம்டி என்பது துளையில் செருகாமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் குட்டிப் பாகம். சென்னையில் மே மாத மதியம். எட்டு விதமான கப்பாசிட்டர்களை, அவை அடைத்து வந்த பட்டையிலிருந்து பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்திருந்தேன். நான் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அம்மா, "ஏண்டா இப்படிப் புழுங்கிக்கிட்டு கிடக்குற" என்று சொல்லிக்கொண்டே ஃபேனைப் போட்டார். அவ்வளவுதான். பாதி மொசைக் தரைக்குப் போனது, மீதி தாளிலேயே ஒன்றோடொன்று கலந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிய, எழுத்தே இல்லாத, எல்லாம் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கும் துண்டுகள். எது 10 நானோஃபாரட், எது 100 என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

எஸ்எம்டி என்றால் கை நடுங்கக் கூடாது, கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவன். கையோ கண்ணோ என்னை ஏமாற்றவில்லை. எண்ணாமல் பிரித்தது, ஃப்ளக்ஸ் (உருகிய ஈயம் ஒட்ட உதவும் பசை) போதாதது, இடையில் சோதிக்காமல் முழுப் போர்டையும் கட்டி முடித்தது, இந்த மூன்றும்தான் ஏமாற்றின. நான் கட்டியது 7 மெகாஹெர்ட்சில் இயங்கும், 5 வாட் மோர்ஸ் டிரான்சீவர், அதாவது அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி. நூறுக்கு மேற்பட்ட சிறு பாகங்கள், நான்கு ஐசி, ஐந்து டொராய்டு (கம்பி சுற்றும் சிறு வளையம்). உங்கள் கிட் வேறாக இருந்தாலும் வழி ஏறத்தாழ இதுதான்.

1. முதலில் உரிம விண்ணப்பம், அப்புறம் கிட்

டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவில் இணைத்து இயக்க அமெச்சூர் உரிமம் வேண்டும். 5 வாட்தானே, யாருக்குத் தெரியும் என்ற பேச்சே வேண்டாம். இந்தியாவில் இரண்டு வகை உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. தொடக்கநிலை ரேடியோ பாடமும் விதிமுறைகளும் கேட்பார்கள். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சான்றுகளிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இன்ஷியல்தான் வில்லன். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பள்ளிச் சான்றிதழில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கேள்வி வரும்.

விண்ணப்பித்ததிலிருந்து அழைப்புக் குறி (உரிமத்தோடு தரும் அடையாள எழுத்துகள்) கையில் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அந்தக் காத்திருப்பில் கிட்டைக் கட்டுங்கள். ரிசீவர் பகுதியைக் கட்டிச் சோதிப்பதற்குள் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டால் உங்களுக்கு நல்ல நேரம்.

2. எந்த கிட்?

வாங்குவதற்கு முன் இரண்டே விஷயம் பாருங்கள். ஒன்று, சிறு பாகங்களை நீங்கள் பற்றவைக்க வேண்டுமா, தொழிற்சாலையிலேயே வைத்து வருகிறதா. க்யூஆர்பி லேப்ஸின் க்யூசிஎக்ஸ்-மினி, க்யூஎம்எக்ஸ் போன்றவற்றில் எஸ்எம்டி பாகங்கள் ஏற்கெனவே பற்றவைத்தே வரும். டொராய்டு, கனெக்டர் வேலைதான் நமக்கு. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 போர்டும் அப்படித்தான், கட்டிய நிலையிலேயே வந்தது. ரேடியோ மட்டும் போதும், சால்டர் ஆசை இல்லை என்றால் அந்தப் பக்கமே போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, பாகத்தின் அளவு. 1206 என்றால் 3.2 மில்லிமீட்டர் நீளம், 1.6 அகலம். 0805 என்றால் 2 மில்லிமீட்டருக்கு 1.25. 0603 என்றால் 1.6க்கு 0.8. முதல் கிட்டுக்கு 0805க்குக் கீழே இறங்காதீர்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த எண்கள் அங்குலக் கணக்கு. சில விற்பனையாளர்கள் மெட்ரிக் கணக்கில் போடுகிறார்கள். மெட்ரிக் 0603 என்பது அங்குலக் கணக்கில் 0201, அதாவது 0.6 மில்லிமீட்டர் நீளமுள்ள தூசு. உதிரிபாகம் வாங்கும்போது மில்லிமீட்டரைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

3. வரவழைக்கும்போது

வெளிநாட்டிலிருந்து வரும் கிட்டுக்குச் சுங்க வரி உண்டு. கிட்டின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. கூரியர் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் போடும். அடையாளச் சான்றும் கேட்பார்கள். குறுஞ்செய்தி வந்த அன்றே அனுப்பிவிடுங்கள், தாமதித்தால் பொட்டலம் கிடப்பில் விழும்.

விற்பவரிடம் பொருளின் உண்மையான விலையையும் விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். "பரிசுன்னு எழுதிடுங்க" என்று சொல்லும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். பரிசுப் பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. டிரான்ஸ்மிட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் உரிமம் கேட்கலாம். பில்லும், உரிமம் வந்திருந்தால் அதன் நகலும் போனில் தயாராக இருக்கட்டும். என் பொட்டலம் ஒரு கிடங்கில் பதினெட்டு நாள் நின்றது. காரணம், நான் அனுப்பிய பில்லில் என் பெயரின் எழுத்துக்கூட்டல் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. மறுபடியும் அந்த இன்ஷியல்.

4. கருவிகள்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

எல்லாமாக எனக்கு ஏறக்குறைய 4,900 ரூபாய் ஆனது. சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை காலை நடந்து வாங்கியதும், ஆன்லைனில் வாங்கியதும் சேர்த்து. விலைகள் மாறும், ஆனால் விகிதம் இப்படித்தான் இருக்கும்.

வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் 936 வகை சால்டரிங் ஸ்டேஷன் 1,800 ரூபாய். நேரே சுவரில் செருகும் சாதாரண 25 வாட் அயர்னிலும் முடியும்தான், ஆனால் போர்டின் எர்த் செப்புப் பரப்போடு இணைந்த பேடுகளில் (பாகம் உட்காரும் செப்புத் திட்டுகள்) அது தடுமாறும். முனை ஊசியாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஊசி முனையில் சூடு இறங்காது. 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் உளி முனை வாங்குங்கள். ஸ்டேஷனின் பிளக் மூன்று பின்னாக இருக்கட்டும், சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கட்டும். எர்த் இல்லாமல் இரண்டு பின் அடாப்டரில் செருகினால் முனையில் கசியும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

சால்டர் கம்பி 63/37 ஈயக் கலவை, 0.5 மில்லிமீட்டர் தடிமன், 350 ரூபாய். அது 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாக் கம்பி 217க்கு மேல்தான் உருகும், பழகும் கைக்கு அது வீண் சிரமம். ஈயக் கம்பி என்றால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நடுவில் முறுக்கு கொறிக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஜெல் ஃப்ளக்ஸ் ஒரு சிரிஞ்சு, 300. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. என் முதல் முயற்சியில் கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸே போதும் என்று நினைத்தேன், ஐசி கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஃப்ளக்ஸ் தாராளமாக இருந்தால் உருகிய ஈயம் தானே பேடுக்கு ஓடும். ட்வீசர் இரண்டு, ஒன்று நேர், ஒன்று வளைந்தது, 200. காந்தம் ஏறாத வகையா என்று கடையிலேயே பாருங்கள். ஏறியிருந்தால் பாகம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கீழே இறங்காது. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி 700. சால்டர் உறிஞ்சும் செப்புப் பின்னல் 120. ஐசோபுரொபைல் ஆல்கஹால் 250. பயிற்சிப் போர்டு இரண்டு, 300. பாகங்களை அளக்கும் சிறு டெஸ்டர் 900.

சூடான காற்றை ஊதிப் பற்றவைக்கும் ஹாட் ஏர் கருவி முதல் கிட்டுக்குத் தேவையில்லை. காற்றின் வேகத்தில் பக்கத்துப் பாகங்களும் பறந்துபோகும். என் வீட்டில் ஏற்கெனவே ஒரு காற்றுப் பிரச்சினை இருந்தது.

தட்டுக்குத் தனிச் செலவு செய்யாதீர்கள். விளிம்புள்ள பழைய எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் போர்டை வைத்து வேலை செய்யுங்கள், தெறிக்கும் பாகம் தாம்பாளத்திலேயே நிற்கும். மடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். பாகங்களை வகை பிரிக்கப் பழைய பணியாரச் சட்டியின் குழிகள் அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஆனால் ஈயம் பட்ட பாத்திரம் திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது, வீட்டில் சொல்லிவிட்டு எடுங்கள்.

5. எண்ணுங்கள், அயர்னைத் தொடாதீர்கள்

முதல் இரண்டு மாலைகள் இதற்குத்தான். பாகப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு பட்டைத் துண்டையும் அதன் வரிசையில் ஒட்டுங்கள். பட்டையிலிருந்து பிரிக்கவே வேண்டாம், வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். குறைவு இருந்தால் உடனே விற்பவருக்குப் படத்தோடு எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ரெசிஸ்டரில் எழுத்து இருக்கும். 103 என்றால் 10க்குப் பின் மூன்று சைபர், 10 கிலோஓம். 472 என்றால் 4.7 கிலோஓம். 4ஆர்7 என்றால் 4.7 ஓம். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் மூன்றும் எண், நான்காவது சைபர் கணக்கு: 1002ம் 10 கிலோஓம்தான். 01சி என்று இருந்தால் குழம்பாதீர்கள், அதுவும் 10 கிலோஓம். ஒரு சதவீத ரெசிஸ்டருக்கான தனிக் குறியீடு அது. சந்தேகம் வந்தால் மல்ட்டிமீட்டரால் அளந்துவிடுங்கள்.

செராமிக் கப்பாசிட்டரில் எதுவும் இருக்காது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மதிப்பு. அதை மட்டும் பிரித்து, போர்டில் அதற்குரிய எல்லா இடத்திலும் வைத்து, பட்டியலில் கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் என் கதைதான். சாதாரண மல்ட்டிமீட்டரின் கப்பாசிட்டர் அளவை 100 நானோவையும் 10 நானோவையும் பிரித்துச் சொல்லும், ஆனால் 22 பிகோஃபாரடையும் 47 பிகோஃபாரடையும் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அன்று காணாமல் போன ஒன்று போகிக்குக் கட்டிலை நகர்த்தியபோது கிடைத்தது. எந்த மதிப்பு என்று இன்றுவரை தெரியாது.

துருவம் உள்ளவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். டயோடில் கோடு இருக்கும் பக்கம் கேத்தோடு, அதாவது மைனஸ். டாண்டலம் கப்பாசிட்டரில் கோடு இருக்கும் பக்கம் பிளஸ். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கறுப்புப் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். கடைசி இரண்டும் நேர் எதிர் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தலைகீழாக வைத்த டாண்டலம் புகைந்து எரியும். அந்த நாற்றம் மூன்று நாள் போகாது.

6. பற்றவைத்தல்

அதிகாலையில் உட்காருங்கள், ஃபேன் இல்லாமல் தாங்கும் நேரம் அதுதான். முதலில் பயிற்சிப் போர்டு ஒன்றை முடியுங்கள். ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு கை தானாகப் பழகியிருக்கும்.

இரண்டு முனை உள்ள பாகத்துக்கு: ஒரு பேடில் மட்டும் கொஞ்சம் ஈயம் வையுங்கள். பாகத்தை ட்வீசரில் பிடித்து, அந்த ஈயத்தை அயர்னால் உருக்கிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே தள்ளுங்கள். அயர்னை எடுங்கள், ஈயம் இறுகும்வரை பாகத்தை விடாதீர்கள். சாய்ந்திருந்தால் மறுபடி உருக்கிச் சரிசெய்யலாம். நேராக உட்கார்ந்த பிறகு மறுமுனை. கடைசியில் முதல் முனைக்கு ஒரு துளி ஃப்ளக்ஸ் வைத்து மீண்டும் தொட்டு எடுங்கள், மங்கலாக இருந்த இணைப்பு பளபளப்பாகும். வெப்பம் 320 முதல் 350 டிகிரி. ஒரு முனைக்கு மூன்று விநாடிக்கு மேல் போகிறது என்றால் தவறு எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் அயர்னின் முனை அழுக்காக இருக்கும். செராமிக் கப்பாசிட்டரை அயர்னால் அழுத்தித் தள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, ஆறு மாதம் கழித்து உங்களைத் தேடி வரும்.

ஐசிக்கு: முதல் காலின் புள்ளி போர்டில் உள்ள குறியோடு ஒத்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், போன் கேமராவில் பெரிதாக்கியும் பாருங்கள். மூலைவிட்டத்தில் எதிரெதிரான இரண்டு கால்களை மட்டும் முதலில் பிடிக்க வையுங்கள். எல்லாக் கால்களும் தத்தம் பேடின் நடுவில் இருந்தால், வரிசை முழுக்க ஃப்ளக்ஸ் பூசி, முனையில் கொஞ்சம் ஈயத்தோடு இழுத்துக்கொண்டே போங்கள். 1.27 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள எஸ்ஓஐசி வகைக்கு இது சுலபம். அலைவெண் உருவாக்கும் எஸ்ஐ5351 ஐசிக்குப் பத்துக் கால்கள், இடைவெளி வெறும் 0.5 மில்லிமீட்டர். அதில் கால்கள் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும், பதறாதீர்கள். செப்புப் பின்னலில் ஃப்ளக்ஸ் தடவி ஒட்டிய இடத்தில் வைத்து மேலே அயர்னை அழுத்துங்கள், மிகுந்த ஈயம் பின்னலுக்குள் போய்விடும். ஆல்கஹாலில் பழைய பல் துலக்கியை நனைத்துத் தேய்த்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

7. பகுதி பகுதியாகக் கட்டி, பகுதி பகுதியாகச் சோதியுங்கள்

முதல் முறை முழுப் போர்டையும் கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு 12 வோல்ட் கொடுத்தேன். எதுவும் வரவில்லை. நூறு பாகத்தில் எதில் தேடுவது?

முதலில் மின்வழங்கல் பகுதி மட்டும். 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117 ஆக இருந்தால், அதன் அகலமான பட்டைக் கால் எர்த் அல்ல, அதுதான் அவுட்புட். பட்டை என்றாலே எர்த் என்று பழகியவர்கள் இதில் விழுவார்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன், 12 வோல்ட் கம்பிக்கும் எர்த்துக்கும், 3.3 வோல்ட் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். சைபருக்குப் பக்கத்தில் இருந்தால் நிறுத்துங்கள்.

மின்னோட்டக் கட்டுப்பாடு உள்ள பவர் சப்ளை இல்லையென்றால் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பைத் தொடராக இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு பிழைக்கும். எல்லாம் சரி என்றால் எரியாது. இந்த இருபது ரூபாய் பல்பு என் இரண்டாவது கிட்டைக் காப்பாற்றியது.

அடுத்து ஆசிலேட்டர், அதற்கு அடுத்து ஆடியோ, பிறகு அலைவெண்களைக் கலக்கும் மிக்சர். ஆடியோ பகுதி முடிந்ததும் அதன் உள்ளீட்டை ட்வீசரால் தொட்டால் ஹெட்போனில் உறுமல் கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் வேலை செய்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எனக்கு இது ஐந்து காலைகள் பிடித்தது.

8. டொராய்டு

சிறு பாகங்களைவிட இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்பு டி37-2, மஞ்சள் டி37-6. நிறம் மாறினால் இண்டக்டன்ஸ் மாறும். கம்பி வளையத்தின் நடுவே ஒரு முறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளியே சுற்றியதை எண்ணினால் ஒன்று பிசகும். மஞ்சள் டி37-6ல் 20 சுற்று என்றால் ஏறத்தாழ 1.2 மைக்ரோஹென்றி. எனாமல் பூச்சை பிளேடால் சுரண்டி, நுனியில் ஈயம் பூசி, போர்டில் வைத்த பிறகு இரண்டு நுனிக்கும் நடுவே தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பளபளப்பாகத் தெரிந்த இணைப்புக்குள் எனாமல் அப்படியே இருந்து நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

9. அனுப்பிப் பார்க்கும் முன்

முதலில் ரிசீவர். 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை நமக்கு அனுமதிக்கப்பட்ட பகுதி. காலை ஏழெட்டு மணிக்குப் பத்து மீட்டர் கம்பியைக் கட்டினாலே நம்மூர் ஆட்கள் பேசுவது கேட்கும். ஆன்டெனாவைச் சொருகியதும் இரைச்சல் கூட வேண்டும். கூடவில்லை என்றால் முன்பகுதி ஃபில்டரைப் பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டரை முதலில், ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் டம்மி லோடில்தான் இயக்க வேண்டும். 1 கிலோஓம் கால் வாட் ரெசிஸ்டர் இருபதைப் பக்க இணைப்பில் கட்டினால் 50 ஓம், 5 வாட். கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் வகை. கம்பி சுற்றியது ஆகாது, அதுவே ஒரு காயில். பவர் டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510 ஆக இருந்தால் அதன் உலோக முதுகு டிரெயின் என்ற காலோடு இணைந்தது. மைக்கா வாஷர் இல்லாமல் பெட்டியில் திருகினால் 12 வோல்ட் நேரே எர்த்துக்குப் போகும். டிரான்சிஸ்டரைத் தெரிந்த கடையில் வாங்குங்கள், போலிகள் ஏராளம். மேல் அலைவெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரின் டொராய்டுகளை வைக்காமல் ஒரு நொடிகூட ஆன்டெனாவில் விடாதீர்கள். 7இன் இரு மடங்கு, மும்மடங்கான 14, 21 மெகாஹெர்ட்சில் உங்கள் குப்பை அடுத்தவர் வீட்டுக்குப் போகும்.

அழைப்புக் குறி வரும்வரை டம்மி லோடு இணைந்தபடியே இருக்கட்டும். எனக்கு நான்கு மாதம் அப்படித்தான் இருந்தது. முதல் கிட்டுக்கு மூன்று வாரம், சுங்கக் காத்திருப்பு தனி. இரண்டாவதை நான்கே நாளில் முடித்தேன். அப்போது ஃபேன் சுவிட்சின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தேன்.